கிரீடம் கட்ட பாசியும் கம்பியும் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

நாகர்கோவில் பக்கம் வாட்ஸ்அப் குரூப் வழியாக ‘கிரீடம் செட்’ என்று முத்து, பாசி, கல், கம்பி எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு விற்கிறார் ஒருவர். கிறிஸ்துமஸ் நாடகம், ஆண்டு விழா, மாறுவேடப் போட்டி என்று அடுத்தடுத்து வருகிற நேரம். பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் ஊர் சர்ச்சில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் வருகிற மூன்று ராஜாக்களுக்கும் ஏரோது மன்னனுக்கும் கிரீடம் கட்டுவது என் வேலை. வாடகைக்குக் கிடைப்பது பெரியவர்கள் தலை அளவு. சின்னப் பிள்ளைகள் தலையில் அது மூக்கு வரைக்கும் இறங்கிவிடும். அதனால் கம்பியில் சட்டம் வளைத்து, முத்துக் கோத்து, நானே கட்டுவேன். கடையில் கேட்ட விலையில் பாதிக்குத் தருவதாக குரூப்பில் போட்டிருந்தார்கள். கண்ணாடி முத்து, 20 கேஜ் (கேஜ் என்பது கம்பியின் பருமன் அளவு) செம்புக் கம்பி, நாகர்கோவில் வடசேரியின் கெம்புக் கல் என்று பெயர் போட்டுப் படமும் இருந்தது. சர்ச் பணம் என்பதால் குறைந்த விலை எனக்குப் பெரிய உதவியாகத் தெரிந்தது.

வந்த கவரில் அந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. முத்து முழுக்கப் பிளாஸ்டிக். க்ளூ கன் சூடு பட்டதும் மேல்பூச்சு வெங்காயத் தோல் மாதிரி உரிந்து, உள்ளே வெள்ளை மணி பல்லைக் காட்டியது. கெம்பு என்றது சிவப்புச் சாயம் பூசிய பிளாஸ்டிக் வில்லை. இதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். வடசேரியில் தலைமுறை தலைமுறையாக வெள்ளியில் கல் பதித்துக் கோயில் நகை செய்கிறார்கள். பரதநாட்டியம் ஆடுகிறவர்கள் எங்கெங்கிருந்தோ தேடி வாங்குகிற நகை அது. நாகர்கோவில் கோயில் நகை என்று புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. அந்தப் பெயரைப் பிளாஸ்டிக் கவரின் மேல் ஒட்டி விற்பது, அந்தப் பட்டறைக்காரர்களின் உழைப்பையே திருடுவது.

முத்தும் கல்லும் அழகைக் கெடுத்ததோடு சரி. கம்பிதான் ஆபத்தானது. செம்பு நிறம் பூசிய இரும்பு அது. மழைக்காலத்து ஈரத்தில் ஒத்திகை முடிவதற்குள்ளேயே துரு பிடித்து, வெள்ளை அங்கியில் கறை இறங்கிவிட்டது. வளைத்த இடத்தில் முறிந்த முனை ஒரு பையனின் நெற்றியைக் கீறிவிட்டது. துருக் கம்பி என்பதால் டி.டி. ஊசி போட்டுத்தான் வீட்டுக்கு அனுப்பினோம். கண்ணுக்கு ஒரு விரல்கடை மேலே. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

விற்றவரிடம் போன் செய்து கேட்டேன். “அக்கா, கிழிச்ச கவர எப்பிடி திருப்பி எடுக்கதுக்கு? இந்த விலைக்கு இதான் வரும்” என்றார். “அண்ணாச்சி, செம்புன்னு நீங்கதானே எழுதிப் போட்டீங்க” என்றேன். லைன் கட்டாகிவிட்டது. சாயங்காலம் குரூப்பில் இருந்தே என்னை எடுத்துவிட்டார்கள். பில் கேட்டதற்கும் பதில் இல்லை.

இனி வாங்குகிறவர்கள் ஒரு சின்னக் காந்தத்தைப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். செம்பு, பித்தளை, அலுமினியம் மூன்றும் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு. அலுமினியம் துருப்பிடிக்காது, சுலபமாக வளையும், கிரீடத்துக்கு நல்லதுதான். ஆனால் செம்பு விலைக்கு அதைத் தலையில் கட்டினால் விடாதீர்கள். கையில் தூக்கினாலே தெரியும், செம்பு அதைவிட மூன்று மடங்குக்கு மேல் கனம்.

கேஜிலும் ஏமாற்று நடக்கிறது. எண் கூடக்கூடக் கம்பி மெலிசு. பென்சிலில் பத்துச் சுற்று நெருக்கிச் சுற்றி ஸ்கேலை வையுங்கள். 20 கேஜ் என்றால் ஒன்பது மில்லிமீட்டர் வர வேண்டும். எனக்கு வந்தது ஆறைத் தாண்டவில்லை. அந்தக் கம்பியில் முத்துக் கோக்கலாம், சட்டம் நிற்காது. சட்டத்துக்கு 18 கேஜ் வேண்டும். மோட்டார் வைண்டிங் கடைகளில் நல்ல செம்புக் கம்பி எடை போட்டுத் தருவார்கள். 18 கேஜில் 100 கிராம் வாங்கினால் ஒன்பது மீட்டருக்கு மேல் வரும், பிள்ளைகளின் கிரீடம் இரண்டு மூன்றுக்குத் தாராளம். நான் பிறகு அப்படித்தான் வாங்கிக் கட்டினேன்.

முத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், கண்ணாடி என்றால் சில்லென்று இருக்கும். எடைக்கு வாங்கினால் இன்னொரு கணக்கும் உண்டு. 8 மில்லிமீட்டர் கண்ணாடி முத்து 100 கிராமுக்கு ஏறக்குறைய 150 நிற்கும். 300-ஐத் தாண்டினால் அது பிளாஸ்டிக்தான். பிளாஸ்டிக் வாங்குவதில் தப்பில்லை, பிள்ளைகள் தலைக்குப் பாரம் குறையும். பிளாஸ்டிக் என்று சொல்லி, அதற்குரிய விலைக்குத் தரட்டும். நிறைய வேண்டுமென்றால் நாலு பேர் சேர்ந்து திருவனந்தபுரத்தில் இருக்கிற ‘சாலை’ என்ற பஜாருக்குப் போய்க் கையில் தொட்டுப் பார்த்து வாங்குங்கள். பஸ் காசு போனாலும் கட்டுப்படியாகும்.

‘கிழித்த கவர் திருப்பி எடுக்கப்படாது’ என்று அவர்கள் சொல்வது சட்டத்தில் நிற்காது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததும், பில்லில் காலக்கெடு குறிக்காதபோது குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிகம். 1915 என்கிற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் செய்து புகார் பதியலாம். நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரைக்குமான வாங்கலுக்கு மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும்.

நான் 1915-இல் பதிந்துவிட்டேன். இதே கவரை வாங்கிய வேறு சர்ச், பள்ளிக்கூடத்துக்காரர்கள் இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள். ஆணையத்தின் அனுமதியோடு ஒரே மனுவாகச் சேர்ந்து போடலாம். மிச்சக் கம்பி, கவர், ஜிபே ரசீது, குரூப்பில் வந்த படம் எதையும் அழிக்காமல் வைத்திருங்கள். அந்தக் கம்பியில் ஏற்கனவே கிரீடம் கட்டி வைத்திருந்தால், தயவுசெய்து பிள்ளைகள் தலையில் வைக்காதீர்கள்.