குளோ பிளக் செட்: ஒரு குளிர்காலம் ஓட்டிய பிறகு

செல்ஃப் நன்றாகச் சுற்றும், வண்டி மட்டும் பிடிக்காது. பின்னால் வெள்ளைப் புகையும் டீசல் வாடையும் கிளம்பும். மூன்றாவது தடவை இரண்டு சிலிண்டர் பிடித்து வண்டியே உதறும், அரை நிமிடம் கழித்துத்தான் மற்ற இரண்டும் வந்து சேரும். போன குளிர்காலம் முழுக்க இப்படி ஓட்டி வெறுத்துப்போய்தான் இந்த நான்கு குளோ பிளக் செட்டை வாங்கினேன். டீசல் இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது, ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசல் பற்றும் இடத்தைக் கரண்டில் சூடாக்கும் சின்னக் கம்பி இது; ஹீட்டர் பிளக் என்று பல மெக்கானிக்குகள் சொல்வதும் இதைத்தான்.

என்னுடையது ஸ்விர்ல் சேம்பர் வைத்த பழைய டீசல் இன்ஜின், கம்ப்ரஷன் 22:1, அதாவது காற்றை 22-இல் ஒரு பங்காக அழுத்தும். டீசல் பற்றுவதே அப்படி அழுத்துவதில் பிறக்கும் சூட்டில்தான். இவ்வளவு கம்ப்ரஷன் இருக்கும்போது ஹீட்டர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இந்த வகை இன்ஜினில் டீசல் பற்றுவது பிஸ்டன் மேல் அல்ல, சிலிண்டர் ஹெட்டுக்குள் இருக்கும் சின்ன அறையில் (அதுதான் ஸ்விர்ல் சேம்பர்). பிஸ்டன் அழுத்தும் காற்று ஒரு குறுகலான வழியாக அந்த அறைக்குள் பாய்ந்து சுழல வேண்டும். அறை சின்னது, ஆனால் அதன் கொள்ளளவுக்குச் சுவர்ப்பரப்பு அதிகம், சுவரோ இரவு முழுக்கக் குளிர்ந்து கிடக்கும் இரும்பு. அழுத்தத்தில் பிறக்கும் சூட்டில் பெரும்பங்கை அதுவே குடித்துவிடும். குளிரில் பேட்டரியும் சோர்ந்து, ஆயிலும் தடித்து, கிராங்க் மெதுவாகச் சுற்றினால், சூடு இறங்கவும் ரிங் வழியாகக் காற்று கசியவும் இன்னும் நேரம் கிடைக்கும். அந்த 22:1 என்பதே இந்த இழப்பை ஈடுகட்ட வைத்ததுதான். டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் பிஸ்டன் தலையில் உள்ள குழியிலேயே எரிவதால் இழப்பு குறைவு, 16, 17 கம்ப்ரஷனே போதும், லேசான குளிரில் குளோ பிளக் உதவி இல்லாமலே பிடித்துவிடும்.

ஆகவே ஸ்விர்ல் சேம்பரோ, அதே போன்ற இன்னொரு தனி அறையான ப்ரீ-சேம்பரோ வைத்திருப்பவர்களுக்குக் குளோ பிளக் ஒரு கூடுதல் வசதி என்று நினைக்க வேண்டாம். 1936-இல் வந்த மெர்சிடிஸ் 260 டி-யில் தொடங்கி, பல பத்தாண்டுகள் டீசல் கார்கள் பெரும்பாலும் இப்படித் தனி அறை வைத்துத்தான் வந்தன. சத்தம் குறைவு, ஓட்டம் மென்மை. அதற்குக் கொடுத்த விலைதான் காலை நேரத் தகராறு.

சரி, பொருளுக்கு வருகிறேன். பழையவற்றை மல்டிமீட்டரில் பார்த்தபோது இரண்டு முழுக்க ஓப்பன், அதாவது உள்ளே அறுந்து கரண்டே போகாத நிலை. காலையில் இரண்டு சிலிண்டர் மட்டும் பிடித்ததற்குக் காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது. புதியவை நான்கும் ஒன்றுக்கொன்று வித்தியாசமே இல்லாமல் 0.7 ஓம் காட்டின. மாட்டுவதற்கு முன் ஒன்றை வைஸில் பிடித்து, தடித்த ஒயரில் 12 வோல்ட் கொடுத்தேன். நான்கைந்து விநாடியில் நுனி முதலில் சிவந்து, சிவப்பு மெல்ல மேலே ஏறியது. இதைத்தான் பார்க்க வேண்டும். இதற்கு முன் வாங்கிய ஒரு மலிவு செட்டில் நடுப்பகுதி சிவந்தபோதும் நுனி கறுப்பாகவே இருந்தது. டீசல் தெளிப்பின் ஓரம் உரசிப் போவது நுனியை, அங்கே சூடில்லை என்றால் மற்ற இடம் சிவந்து என்ன பயன்? (புதிய இன்ஜின்களில் வரும் 5 வோல்ட், 7 வோல்ட் பிளக்குகளை இப்படிச் சோதித்தால் எரிந்துவிடும், ஜாக்கிரதை.)

கழற்றுவதுதான் பயமான வேலை. முந்தைய இரவே துருவிளக்கி எண்ணெய் விட்டு, இன்ஜினைச் சூடாக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். ஒன்று முனை வீங்கி, கரியில் சிக்கி, முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டித்தான் வெளியே வந்தது. அவசரப்பட்டு முறித்திருந்தால் ஹெட்டையே இறக்க வேண்டியிருக்கும். துளையில் இருந்த கரியை, ரீமரில் கிரீஸ் தடவிச் சுரண்டி எடுத்தேன். பெட்டியில் எந்த டார்க்கில், அதாவது எவ்வளவு இறுக்கமாக, முடுக்க வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை, இது பெரிய குறை. சர்வீஸ் புத்தகத்தைப் பார்த்துத்தான் முடுக்கினேன்.

பலன்? 3 டிகிரி காலையில் டேஷ்போர்டில் குளோ பிளக் விளக்கு அணையும்வரை ஆறு விநாடி பொறுத்தேன், செல்ஃப் தொட்டதும் நான்கு சிலிண்டரும் ஒன்றாகப் பிடித்தன. எனக்கு அதைவிடப் பிடித்தது அடுத்த இரண்டு நிமிடம்: புகை இல்லை, டக் டக் என்ற அடி பாதியாகக் குறைந்தது. இது ஸ்டார்ட் ஆன பிறகும் சூட்டைத் தாங்கி நிற்கும் வகை, உள்ளே இரண்டாவது காயில் சூடேற ஏறக் கரண்டைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் உங்கள் வண்டியில் பிளக்குக்குக் கரண்ட் விடும் சுவிட்சான ரிலே, ஸ்டார்ட் ஆனதும் கரண்டை வெட்டிவிடும் ரகம் என்றால் இதற்குக் கூடுதல் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை, அதை முதலில் பாருங்கள்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். கம்ப்ரஷன் தேய்ந்த இன்ஜினை இது காப்பாற்றாது. அப்புறம், குளோ பிளக் உள்ள இன்ஜினில் ஈதர் ஸ்ப்ரே அடிக்கவே அடிக்காதீர்கள், சூடான நுனியில் பட்டு நேரம் தப்பி வெடித்தால் பிஸ்டனே போய்விடும். வாங்கும்போது பழைய பிளக்கைப் பக்கத்தில் வைத்து நீளத்தை ஒப்பிடுங்கள். இரண்டு மில்லிமீட்டர் நீண்டிருந்தாலும் நுனி தெளிப்புக்கு நடுவில் போய் நின்று சீக்கிரம் அரித்துவிடும்.