சிறிய பனிச்சறுக்குத் தளத்துக்கு விசிறியா, லான்ஸா?

ஆல்ப்ஸில் ஒன்றிரண்டு சரிவுகளோடு ஓடும் தளங்கள் செயற்கைப் பனி இயந்திரத்துக்கு விலை கேட்கும் முன் தண்ணீர்க் கணக்கைப் போட வேண்டும். ஒரு ஹெக்டேரில் 30 செ.மீ. பனி விரிக்கச் சுமார் 1,000 கன மீட்டர் தண்ணீர் தேவை. அதற்கான குளம் இல்லையென்றால் முதல் பணம் குளத்துக்கே போகட்டும்.

இயந்திரம் இரண்டு வகை: பெரிய விசிறியால் நீர்த்துளிகளை ஊதுவது விசிறி வகை; உயரமான கம்பத்தின் நுனியிலிருந்து அமுக்கக் காற்றோடு தூவுவது லான்ஸ். டெக்னோஆல்பின், டெமாக்லென்கோ ஆகிய தயாரிப்பு நிறுவனங்கள் இரு வகையையும் விற்கின்றன. லான்ஸ் மலிவு, சத்தம் குறைவு, மின்சாரமும் குறைவு. ஆனால் காற்று வீசினால் பாதிப் பனி மரங்களுக்குள் போய்விடும். அமுக்கக் காற்றுக்கும் பெரும்பாலும் தனிக் குழாய் இழுக்க வேண்டும். விசிறி வகையில் கம்ப்ரஸர் கூடவே இருக்கிறது, சக்கரத்தில் நகர்த்தலாம். திறந்த சரிவுக்கு நகரும் விசிறி இரண்டு போதும் என்பதே எங்கள் தேர்வு. காற்று மறைவான குறுகலான பாதைக்கு மட்டும் லான்ஸ்.

வெப்பமானியை மட்டும் நம்பாதீர்கள், காற்றின் ஈரப்பதத்தையும் கணக்கில் கொள்ளும் ஈரக்குமிழ் வெப்பநிலையைப் பாருங்கள். அது மைனஸ் 2.5 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும். காற்று வறண்டிருந்தால் வெப்பமானி பூஜ்ஜியத்துக்குச் சற்று மேலே காட்டினாலும் பனி வரும்; ஈரமாக இருந்தால் மைனஸ் 2-லும் சேறுதான். குளிர் சில மணி நேரமே நிற்கும் தாழ்வான தளங்களில் தானியங்கி வால்வு கட்டாயம். கையால் திறந்து முடிப்பதற்குள் குளிர் போய்விடும்.

அடிக்கடி கெடுவது தண்ணீரைத் தூவும் நாசில்: குளத்து மணலும் பாசியும் அடைக்கும், வடிகட்டியைத் தவறாமல் கழுவுங்கள். நிறுத்தியதும் இயந்திரத்துக்குத் தண்ணீர் தரும் குழாய் இணைப்பான ஹைட்ரன்டை முழுக்க வடிக்காவிட்டால் உறைந்து வெடிக்கும். பனியின் தரத்துக்குச் சட்டைக் கையை நீட்டிப் பாருங்கள்: தெறித்து விழுந்தால் சரி, ஒட்டி நனைத்தால் தண்ணீரைக் குறையுங்கள்.