ரேடியேட்டர் ஃபேன் நின்றால்: டைரக்ட் சுவிட்ச்சா, பழைய ஃபேனா, புது செட்டா?

காரின் ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை என்று ஷெட்டில் சொன்னால் பெரும்பாலும் மூன்று யோசனைகள்தான் கிடைக்கும். டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்து ஃபேனை ‘டைரக்ட்’ பண்ணுவது ஒன்று. சென்னை புதுப்பேட்டைக் கடைகளில், பழைய வண்டியிலிருந்து கழற்றிய ஃபேனை வாங்கிப் போடுவது இன்னொன்று. மோட்டார், ரெக்கை, அதைச் சுற்றிய உறையான ஷ்ரவுட் எல்லாம் சேர்ந்த புது செட்டை மாட்டுவது மூன்றாவது. பத்து வருஷத்துக்கு மேல் ஓடின என் பெட்ரோல் வண்டிக்கு இந்த மூன்றும் பேச்சில் வந்தன. நான் புது செட் பக்கம் போனேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

முதலில், கோளாறு ஃபேனில்தானா என்று பார்த்துவிட வேண்டும். கூலன்ட் அளவு, ஹோஸ் கசிவு எல்லாம் எவரும் பார்ப்பதுதான். அதற்கு மேல், டாஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் எப்போது ஏறுகிறது என்பதே பாதி பதிலைச் சொல்லிவிடும். பெருங்களத்தூர் நெரிசலில் ஏறி, வண்டலூர் தாண்டி வண்டி விரட்டியதும் இறங்குகிறதா? ஃபேன் மேல் சந்தேகப்படுங்கள். வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிரவைத்துவிடும், ஃபேனுக்கு அங்கே பெரிய வேலை கிடையாது. காலியான நெடுஞ்சாலையில் 80-இல் போகும்போதே முள் ஏறினால் கதை வேறு. ரேடியேட்டர் அடைப்பு, திறக்காத தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), வாட்டர் பம்ப், ஹெட் கேஸ்கெட் என்று தேட வேண்டும். அந்த நிலையில் எந்த ஃபேன் போட்டாலும் காசு வீண்.

ஃபேன்தான் என்றாலும் மோட்டாரா, அதற்கு கரன்ட் கொண்டுவரும் பாதையா என்று பிரிக்காமல் பர்ஸைத் திறக்காதீர்கள். ஏசி போட்டால் பெரும்பாலான சின்ன கார்களில் ரேடியேட்டர் ஃபேனும் சுற்றும். சுற்றாவிட்டால் ஃப்யூஸைப் பாருங்கள். ரிலேயை (சின்ன கரன்ட்டால் பெரிய கரன்ட்டை ஆன் செய்யும் சுவிட்ச்) அதே நம்பர் உள்ள ஹார்ன் ரிலேயோடு மாற்றிப் பாருங்கள். பிறகு மோட்டாரின் ஒயர் இணைப்பான கப்ளரைக் கழற்றி, ஃப்யூஸ் வைத்த ஒயரால் பேட்டரியிலிருந்து நேராக மோட்டாருக்குக் கொடுங்கள். ஓடினால் மோட்டாருக்கு உயிர் இருக்கிறது. குச்சியால் லேசாகத் தட்டினால்தான் கிளம்புகிறது என்றால் மோட்டாருக்குள் கரன்ட் கடத்தும் கார்பன் தேய்ந்திருக்கும். இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பலவற்றில், இக்னிஷன் ஆனில் கூலன்ட் சென்சார் கப்ளரைக் கழற்றினால் இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூ பாதுகாப்புக்காகத் தானே ஃபேனை ஓட்டும். அப்படி ஓடினால் ஒயரிங், ரிலே, மோட்டார் மூன்றும் சரி, சந்தேகம் சென்சார் பக்கம் போகும். செக் இன்ஜின் விளக்கு எரியும், அதற்காகப் பதற வேண்டாம்.

இந்த வேலைகளைச் செய்யும்போது விரல் ரெக்கைப் பக்கம் போகக் கூடாது. சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. பிரஷர் விட்ட நொடியில் கூலன்ட் கொதித்து முகத்தில் அடிக்கும்.

இனி மூன்று வழிகளுக்கு வருகிறேன்.

“சார், டைரக்ட் பண்ணிடலாம். சாவி போட்டா ஃபேன் ஓடும், டென்ஷனே இல்ல” என்றார் எலக்ட்ரீஷியன். “ரிலே வச்சுத்தானே அண்ணே போடுவீங்க?” என்று கேட்டேன். “சின்ன ஃபேன்தானே சார், ரிலே எதுக்கு” என்றார். எனக்கு அங்கேயே மனசு விட்டுப்போனது. சின்ன காரின் ஃபேனே எட்டு, பத்து ஆம்ப்ஸ் இழுக்கும், கிளம்பும் நொடியில் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. அதை மெல்லிய ஒயரில் டாஷ்போர்டு வரை இழுத்துச் சின்ன சுவிட்ச் வழியாக விட்டால் ஒயரும் சூடாகும், சுவிட்ச்சும் சூடாகும். தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தால், ஃபேன் எந்நேரமும் ஓடினாலும் இன்ஜின் அளவுக்கு மேல் குளிர்ந்துவிடாது. அந்த பயம் வேண்டாம். ஆனால் தேவையே இல்லாத நேரத்திலும் ஓடி ஓடி மோட்டாரின் கார்பன் தேயும். கையால் போடும் சுவிட்ச் என்றால், வண்டியை ஓட்டும் வீட்டார் எல்லாருக்கும் அது ஞாபகம் இருக்க வேண்டும். ஒருநாள் மறந்தால் இன்ஜின் கொதித்து ஹெட் வேலை. வெளியூரில், ராத்திரியில், வீடு போய்ச் சேர்வதற்கு மட்டும் இதை ஒப்புக்கொள்வேன். அப்போதும் ரிலேயும் ஃப்யூஸும் கட்டாயம்.

சில ஷெட்டுகளில் நான்காவதாகத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி விடுவார்கள். அதைப் பரிசீலிக்கவே வேண்டாம். டிராஃபிக்கில் காற்று இல்லாத குறையை அது தீர்க்காது, மற்ற நேரமெல்லாம் இன்ஜின் சூடேறாமல் ஓடி மைலேஜைத் தின்னும்.

புதுப்பேட்டை ஃபேனில் நியாயம் உண்டு. விலை புதியதில் பாதிக்கும் கீழே படியலாம், பேரம் பேசத் தெரிந்தால் இன்னும் இறங்கும். கம்பெனியில் வந்த அசல் மோட்டாரே கையில் கிடைக்கவும் வாய்ப்புண்டு. கடையிலேயே பேட்டரி வைத்து ஓட்டியும் காட்டுவார்கள். நின்றுபோன மாடல்களுக்கு இதைவிட்டால் வேறு வழியும் இருக்காது. ஆனால் கடையில் ஓடிக் காட்டுவது எனக்குப் போதவில்லை. நான் புது செட் எடுத்ததற்கான முழுக் காரணமும் இங்கேதான் இருக்கிறது: மோட்டார் எத்தனை ஆம்ப்ஸ் இழுக்கிறது என்பது.

என் வண்டியின் பழைய ஃபேன் கப்ளரைக் கழற்றியபோது பார்த்தேன். வெள்ளை பிளாஸ்டிக் ஒரு பின்னைச் சுற்றி மட்டும் பழுப்பேறி, ஓரம் உருகி உள்வாங்கியிருந்தது. மற்ற பின் பளிச்சென்று இருந்தது. அதற்குக் கணக்கு எளிது. ஃபேன் ஓடும்போதே மல்டிமீட்டரை அந்த இணைப்பின் இரண்டு பக்கமும் வைத்தால் அங்கே எத்தனை வோல்ட் தொலைகிறது என்று காட்டும். இரண்டு வோல்ட் தொலைந்து, பத்து ஆம்ப்ஸ் ஓடினால் அந்த ஒரு பின்னில் மட்டும் இருபது வாட் சூடு. கிட்டத்தட்ட ஒரு சால்டரிங் அயர்னைக் கப்ளருக்குள் செருகி வைத்ததற்குச் சமம். சூட்டில் பின் தளரும், தளர்ந்தால் தடை கூடும், கூடினால் இன்னும் சூடு. இந்தப் பக்கம் ஃபேனுக்கோ இரண்டு வோல்ட் குறைச்சல், சுற்றும் வேகமும் காற்றும் சரியும். பார்ப்பவர் கண்ணுக்கு ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருக்கும், முள் மட்டும் இறங்காது. “ஃபேன் ஓடுது சார், ரேடியேட்டர்தான் போச்சு” என்று தவறாக முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான்.

பழைய மோட்டார் இதை மோசமாக்கும். மோட்டார் தண்டைத் தாங்கும் புஷ் வறண்டு இறுகினால் சுழற்சி குறையும். டிசி மோட்டாரில் சுழற்சி குறைந்தால் கரன்ட் ஏறும். அதாவது காற்றைக் குறைத்துக் கொடுத்துக்கொண்டே ஆம்ப்ஸை அதிகமாக இழுக்கும். ரிலே கருகுவதும், கப்ளர் உருகுவதும், ஃப்யூஸ் அடிக்கடி போவதும் அதனால்தான். ஃப்யூஸ் போகிறது என்று 20-ஐ எடுத்துவிட்டு 30 போடுகிறவர்கள் ஒயரிங்கையே ஃப்யூஸ் ஆக்கிவிடுகிறார்கள். பழைய ஃபேன்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் டிசி அளக்கும் க்ளாம்ப் மீட்டரை எடுத்துப் போங்கள். ஒரு நிமிஷ ஓட்டம் பத்தாது, கால் மணி நேரம் ஓடவிட்டு மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள், ஆம்ப்ஸ் ஏறுகிறதா என்று பாருங்கள். இதற்குச் சம்மதிக்கிற கடை என்றால் தாராளமாக வாங்கலாம்.

புது செட்டில் எனக்குப் பிடித்தது ஷ்ரவுட்டோடு வருவது. அந்த உறை உடைந்திருந்தால் ரெக்கைக்கு நேரே உள்ள வட்டத்தில் மட்டும்தான் காற்று வரும், மூலைகள் சும்மா கிடக்கும். மோட்டாரை மட்டும் மாற்றினால் செலவு குறையும்தான், உறை முழுசாக இருந்தால் அதுவே போதும். எதை மாற்றினாலும் கப்ளரையும், ஒயர் நுனியையும், எர்த் போல்ட்டையும் விட்டுவிடாதீர்கள். உருகின கப்ளரில் புது மோட்டாரைச் செருகினால் செலவழித்த காசுக்குப் பலன் பாதிதான். நான் கப்ளரை வெட்டிப் புதியது போட்டு, ரிலேயையும் மாற்றி, எர்த் போல்ட்டுக்கு அடியில் துருவை உப்புத்தாளால் தேய்த்துவிட்டுத்தான் மாட்டச் சொன்னேன்.

மாட்டியதும் ஒரு சோதனை. ஃபேன் ஓடும்போது கிரில் முன்னால் ஒரு தாளைப் பிடியுங்கள். ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஃபேன் என்றால் தாள் உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். வெளியே தள்ளினால் ப்ளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. ஃபேன் நன்றாகவே சுற்றும், ஆனால் எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு.

நான் சொல்வது எல்லாம் ரிலேயில் ஓடும் சாதாரண கார்பன் மோட்டாருக்கு. இரண்டு வேக ஃபேனில் மெதுவான வேகம் மட்டும் போயிருந்தால் பெரும்பாலும் ரெசிஸ்டர்தான், மொத்த செட் தேவைப்படாது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மாட்யூலோடு வரும் புதிய வண்டிகளில் எனக்குக் கைப்பழக்கம் குறைவு. அதில் நேர் கரன்ட் கொடுத்துப் பார்க்கும் சோதனையை நான் செய்ய மாட்டேன், ஸ்கேனர் உள்ள இடத்துக்கே கொண்டுபோவேன். இரண்டு மூன்று மாசத்தில் வண்டியை விற்றுவிடும் எண்ணம் இருந்தால் ஆம்ப்ஸ் பார்த்து வாங்கிய பழைய ஃபேனே போதும். வைத்து ஓட்டுகிறவர் என்றால் புது செட் எடுங்கள். ஒரு வாரம் கழித்து, நெரிசலில் ஓட்டி வந்த கையோடு இக்னிஷனை அணைத்து, பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டுக் கப்ளரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு என்றால் பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் அந்த இணைப்பை மறுபடி செய்யச் சொல்லுங்கள்.