பெரிய அண்டாவா, வீட்டுத் தூக்குச்சட்டியா?

பெங்களூரு ஓசூர் சாலைப் பகுதியில் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனையும், மனநலம், நரம்பியல் நோய்களுக்கான நிம்ஹான்ஸ் மருத்துவமனையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து இறங்குகிறவர்களின் தமிழ் இரண்டு வாசல்களிலும் காதில் விழும். அவர்களுக்கு நாள்தோறும் மதியச் சோறு போட வேண்டும் என்று கிளம்புகிறவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. மூன்றிலும் நின்று வேலை பார்த்திருக்கிறேன்.

கர்நாடக அரசின் மலிவு விலை உணவகமான இந்திரா கேன்டீனுக்குக் காசு கொடுத்து அனுப்புவதுதான் இருப்பதிலேயே எளிது. 2017-இல் தொடங்கியபோது அங்கே காலைச் சிற்றுண்டி 5 ரூபாய், மதியச் சாப்பாடு 10 ரூபாய். ஆனால் மருந்துச் சீட்டோடு வரிசையில் நிற்கும் மனைவியும், அப்பாவின் கட்டிலை விட்டு நகர முடியாத மகனும் அதுவரை போய்வர முடியாது. பட்டினி கிடப்பது பெரும்பாலும் இவர்கள்தான்.

அண்டா வைத்துச் சமைத்தால் கணக்கு தப்பாது. நூறு பேர் என்றால் நூறு பேருக்கும் கிடைக்கும். ஆபத்தும் அந்த அண்டாவுக்குள்ளேயே இருக்கிறது. சாதத்தில் ஒட்டியிருக்கும் பாசிலஸ் சீரியஸ் கிருமியின் வித்துகள் கொதிநீருக்கும் தப்பிவிடும்; வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் மூடிவைத்தால் பெருகி நஞ்சைக் கக்கும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ஒரு நாள் எங்கள் வண்டி சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் மாட்டிக்கொண்டது. மூடியைத் திறந்ததும் புளித்த வாடை. தட்டேந்தி நின்றவர்கள் கண்ணெதிரே அவ்வளவையும் கொட்டிவிட்டு, வாழைப்பழமும் ரொட்டியும் வாங்கிக் கொடுத்தோம். அன்றிலிருந்து, வடித்த சாதம் இரண்டு மணி நேரத்துக்குள் தட்டுக்கு வந்தாக வேண்டும் என்று வைத்துக்கொண்டோம்.

வீட்டுக்கு வீடு சமைத்துச் சேர்ப்பதில் அந்தப் பயம் குறைவு. பாத்திரம் சிறியது, சூடு ஆறுவதற்குள் வந்துவிடும். ஆனால் பொங்கல் வாரத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். சிகிச்சைக்கு ஏது விடுமுறை? இந்த ஒரு காரணத்துக்காகவே நான் அண்டாவின் பக்கம் சாய்ந்திருந்தேன்.

என் மனத்தை மாற்றியவர் தருமபுரிப் பாட்டி ஒருவர். சாம்பார் சாதத்தை வாங்கியவர் நகரவில்லை. "காரம் படாமல் ஏதாவது இருந்தால் கொடு, கண்ணு. கரண்டு வைத்ததிலிருந்து என் வீட்டுக்காரரால் எச்சில்கூட விழுங்க முடியவில்லை" என்றார். கரண்டு என்று அவர் சொன்னது கதிர்வீச்சுச் சிகிச்சையை. தொண்டையில் அதைக் கொடுத்தால் வாயும் உணவுக்குழாயும் புண்ணாகிவிடும். புளியும் மிளகாயும் நெருப்பாய் எரியும். எங்கள் அண்டாவில் இருந்தது முழுக்கப் புளியும் மிளகாயும்தான். நோயாளிக்கென்று கொண்டுபோய், கூட வந்தவருக்கு மட்டுமே பசியாற்றிக்கொண்டிருந்தோம்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: துணைக்கு வந்தவர்களுக்கு அண்டாச் சோறு, தினமும், நேரம் தவறாமல். வீடுகளிடம் கஞ்சியை மட்டும் கேளுங்கள். குழைய வேக வைத்த அரிசியும் பாசிப்பருப்பும், உப்பு மட்டாக. சர்க்கரை நோய் உள்ளவர்கள், மூக்குக் குழாய் வழியாக உணவு எடுப்பவர்கள் ஆகியோருக்கு மருத்துவமனையின் உணவியல் நிபுணரைக் கேட்காமல் எதுவும் கொடுக்காதீர்கள். மறுநாள் பாட்டி ஒரு தூக்குச்சட்டியோடு வந்தார். அரை டம்ளர் போதும் என்றார்; அவர் கணவர் ஒன்றரை டம்ளர் குடித்தார்.