சென்னை ரேடார் படத்தை எந்த அளவுக்கு நம்பலாம்?

சென்னை வானம் மதியம் மூன்று மணிக்கு ஒரு முகம் காட்டும், ஆறு மணிக்கு வேறு முகம் காட்டும். பகல் முழுக்கக் கொளுத்திவிட்டு, மாலையில் மேற்கே கறுத்து, புழுதிக்காற்றோடு ஒரு மணி நேரம் கொட்டித் தீர்க்கும். அம்பத்தூரில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது அடையாறில் தரைகூட நனைந்திருக்காது. இந்த ஊருக்கு 'ஒருசில இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்' என்ற வரி போதாது. அந்த ஒருசில இடங்கள் எவை என்று நேரடியாகக் காட்டுவது இந்திய வானிலை ஆய்வுத் துறையின் ரேடார் படம். மௌசம் இணையதளத்தில் ரேடார் பகுதிக்குப் போய்ச் சென்னையைத் தேர்ந்தெடுத்தால் போதும். பணம் கட்ட வேண்டாம், கணக்குத் தொடங்க வேண்டாம். ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படம் மாறும்.

எங்கள் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு இதைவிட நல்ல கருவி பொதுமக்கள் கையில் இல்லை. நாளைய மழைக்கு இது எதையும் சொல்லாது, சொல்வதற்காகச் செய்யப்பட்டதும் அல்ல. படத்தைத் திறந்து வண்ணத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடுகிறவர்களுக்குப் பாதிப் பயன்தான் கிடைக்கும்.

ராஜாஜி சாலையில், துறைமுக நூற்றாண்டுக் கட்டடத்தின் உச்சியில் 2002 முதல் இயங்கும் டாப்ளர் ரேடார் இது, அதாவது மழையோடு காற்றின் வேகத்தையும் அளக்கும் வகை. 10 செ.மீ. அளவு அலைநீளம் கொண்ட 'எஸ் பேண்ட்' வகை. அலைநீளம் பெரிதாக இருப்பதால், வழியில் ஒரு பெருமழை குறுக்கே நின்றாலும் அதைக் கடந்து பின்னால் இருக்கும் மழையையும் பார்த்துவிடும். பள்ளிக்கரணையில் உள்ள 'எக்ஸ் பேண்ட்' ரேடார் கிட்டத்து மழையை நுணுக்கமாகக் காட்டும். ஆனால் அதன் அலைநீளம் 3 செ.மீ. என்பதால், கனமழைக்கு அப்பால் உள்ளதை மங்கலாக்கிவிடும். தூரத்துக்கு துறைமுக ரேடார், கிட்டத்துக்கு பள்ளிக்கரணை என்று வைத்துக்கொள்ளலாம்.

புதிதாகப் பார்ப்பவர்கள் முதலில் தடுமாறுவது நேரத்தில்தான். படத்தில் அச்சாகியிருப்பது உலகப் பொது நேரம். அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். 11:30 என்று போட்டிருந்தால் நம் மாலை 5 மணி. இதைக் கவனிக்காமல் நேற்றைய படத்தைப் பார்த்துப் பதறுகிறவர்களும், இன்றைய படத்தைப் பழையது என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. உலாவி பழைய படத்தையே சேமித்து வைத்துக் காட்டுவதும் நடக்கும். பக்கத்தைப் புதுப்பித்துவிட்டு முதலில் நேரத்தைப் படியுங்கள், பிறகு வண்ணத்துக்குப் போங்கள்.

படங்களில் 'மேக்ஸ் இசட்' என்பதைத்தான் பெரும்பாலோர் திறக்கிறார்கள். சரியான தேர்வு. சுமார் 250 கி.மீ. சுற்றில், ஒவ்வோர் இடத்துக்கும் மேலே எந்த உயரத்தில் எதிரொலி (துளிகளில் பட்டுத் திரும்பும் ரேடார் அலை) மிக வலுவாக இருந்தாலும் அதை எடுத்துத் தரைப்படத்தில் வைக்கும். 'எந்த உயரத்தில் இருந்தாலும்' என்பதில்தான் சிக்கல். எட்டு கி.மீ. உயரத்தில் தொங்கிக்கொண்டு ஒரு துளியையும் தரைக்கு அனுப்பாத மேகமும் படத்தில் பச்சையாக நிற்கும். இதைப் பிரித்தறியத்தான் படத்தின் மேல் ஓரத்திலும் வலது ஓரத்திலும் இரண்டு பட்டைகள் கொடுத்திருக்கிறார்கள். அவை மேகத்தைப் பக்கவாட்டில் நின்று பார்ப்பது போன்ற குறுக்குத் தோற்றம். எதிரொலி அடிவரை இறங்கியிருந்தால் தரையில் மழை. ஐந்து, ஆறு கி.மீ. உயரத்தில் அந்தரத்தில் நின்றால் அது பெரும்பாலும் வழியிலேயே காய்ந்துபோகும் மழை. அப்போது வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால், மேகத்தின் அடியிலிருந்து கிழிந்த வேட்டி நுனிபோலச் சாம்பல் நிறத்தில் இழைகள் தொங்கி, பாதி வழியில் மறைந்துபோவது தெரியும்.

வண்ணத்தைவிட எண்ணைப் பாருங்கள். எதிரொலியின் வலுவைக் காட்டும் ஓரத்து அளவுகோலில் 20 என்றால் தூறல். 30 என்றால் மணிக்குச் சுமார் 3 மி.மீ., 40 என்றால் 11, 12 மி.மீ., 50 என்றால் 50 மி.மீ. அளவுக்கு மழை. பத்துப் பத்தாக ஏறும் எண் மழையை நான்கு மடங்காக்குகிறது. 50க்கு மேல் போனால் ஆலங்கட்டியும் கலந்திருக்கலாம். பனிக்கட்டி எதிரொலியை ஊதிப் பெரிதாக்கும், அந்த எண்ணை அப்படியே மழை அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மின்னலை இந்த ரேடார் காட்டாது. ஆனால் முன்கூட்டியே ஊகிக்கலாம். பக்கப் பட்டையில் 40க்கான வண்ணம் 7 கி.மீ. உயரத்தைத் தொட்டுவிட்டால் அங்கே வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே பத்து டிகிரி அளவில் இருக்கும். பனித்துகள்கள் மோதி மின்னூட்டம் பிரியும் உயரம் அது. அடுத்த பத்து, இருபது நிமிடத்தில் மின்னல் வரும் என்று எடுத்துக்கொண்டு மொட்டை மாடியை விட்டு இறங்கிவிட வேண்டும். உறுதிப்படுத்திக்கொள்ள தாமினி செயலி இருக்கிறது. 20 கி.மீ., 40 கி.மீ. வட்டங்களுக்குள் விழும் மின்னலை அது காட்டும். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது. வயலில் வேலை செய்கிறவர்களுக்கு இதை மிக வற்புறுத்திச் சொல்வோம்.

மழை எப்போது வந்து சேரும் என்று கணக்கிட நான்கைந்து படங்கள் போதும். படத்தின் நேரப்படி அரக்கோணத்தில் 11:30க்கு இருந்த மழை மையம் 12:10க்குத் திருவள்ளூரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 27 கி.மீ. தூரத்தை 40 நிமிடத்தில் கடந்திருக்கிறது, அதாவது மணிக்கு 40 கி.மீ. வேகம். திருவள்ளூரிலிருந்து துறைமுகம் இன்னும் 40 கி.மீ. நம் நேரம் 5:40க்கு அங்கே இருந்தால் 6:40 வாக்கில் பாரிமுனையில் மழை. கணக்கு சரி. தவறுவது எங்கே என்றால், இடிமேகம் ஒரு பொருளாக நகர்வதில்லை. மேற்கே ஒரு மேகம் கொட்டித் தீர்ந்து, அதிலிருந்து கீழே பாய்ந்த குளிர்காற்று கிழக்கே உள்ள சூடான காற்றைத் தூக்கிவிட, அங்கே புது மேகம் முளைக்கிறது. கடற்காற்று அதற்கு எதிரே வந்து நின்றால் இரண்டும் மோதும் கோட்டில் மேகம் பொங்கி எழும். கணக்கிட்ட நேரத்துக்கு அரை மணி முன்பே மழை பிடித்துக்கொள்வது இதனால்தான். குளிர்காற்று மழையைவிட வேகமாக ஓடி முன்னால் வந்துவிட்டாலோ மேகத்துக்குத் தீனி அறுந்துபோகும். ஊருக்குப் புழுதியும் குளிர்ச்சியும் மட்டும் மிஞ்சும்.

இந்த இடத்தில் வானத்தைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். மேற்கே அடிவானத்தில், தரைக்கு மிக அருகில், கறுத்த அலமாரித் தட்டு ஒன்று நீட்டிக்கொண்டு வருவதுபோல் மேகம் தெரிந்து, அதன் அடிப்பகுதி கலங்கிக் கிழிந்து, பின்னால் வெளிறிய மழைத்திரை இருந்தால், காற்றும் மழையும் ஒன்றாக வருகின்றன. வண்டியை ஓரங்கட்டுங்கள். அதே மேகம் பின்னால் இருக்கும் மழையோடு ஒட்டாமல் நீளமான பாயைச் சுருட்டியதுபோல் தனியே உருண்டு வந்தால், குளிர்காற்று முந்திவிட்டது. மழை வரும் வாய்ப்பு பாதிக்குக் கீழே. ரேடாரில் இந்தக் காற்றுமுனை மழைக்கு முன்னால் நூல் இழைபோல மெல்லிய வளைகோடாகத் தெரியும். 'பிபிஐ வி' என்ற திசைவேகப் படத்தில் இன்னும் தெளிவாக இருக்கும். அந்தப் படத்தில் எண்கள் விநாடிக்கு மீட்டரில். கழித்தல் குறி என்றால் ரேடாரை நோக்கி வருகிறது. விநாடிக்கு 20 மீட்டர் என்பது மணிக்கு 72 கி.மீ. மரக்கிளை முறியும் வேகம்.

மாலை வெயிலில் மேகத்தின் அடியில் பைபையாகத் தொங்கி, பொன்னிறத்தில் மின்னும் காட்சியைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம். அது கார்திரள் மேகத்தின், அதாவது இடிமேகத்தின் தலை, கொல்லன் அடைகல்போல் அகலமாகப் பரவும்போது அதன் அடியில் உண்டாவது. படத்தில் 10, 20 என்ற மங்கலான எண்ணாக, உயரத்தில் மட்டும் இருக்கும். அந்தப் பைகளால் எந்த ஆபத்தும் இல்லை. தாய் மேகம் எந்தத் திசையில் நகர்கிறது என்பதுதான் கேள்வி. பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. பூக்கோசுபோல் பொங்கும் மேகத்தின் உச்சியில் மெல்லிய வெள்ளைத் தொப்பி கவிழ்ந்திருந்தால், மேகம் அசுர வேகத்தில் மேலே ஏறுகிறது. அப்போது ரேடாரில் ஒன்றும் இல்லாமல்கூட இருக்கலாம், ஏனென்றால் துளிகள் பெருத்த பிறகுதான் எதிரொலி வரும். வானம் ரேடாரை முந்துகிற தருணங்களில் இது ஒன்று.

செயற்கைக்கோள் படத்தை மட்டும் பார்த்து மழையைக் கணிப்பவர்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஏமாறுவார்கள். அந்த மாதங்களில் 14, 15 கி.மீ. உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே வேகக்காற்று ஓடுகிறது. வெப்பமண்டலக் கிழக்குத் தாரைக்காற்று என்று அதை 1950களில் அடையாளம் காட்டியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். இடிமேகத்தின் தலையை அது மேற்கே இழுத்துப் போய்விடும். ஆனால் மழை கொட்டும் உடல், 3 முதல் 6 கி.மீ. உயரத்து மேற்குக் காற்றில் கிழக்கே, சென்னையை நோக்கி வரும். அகச்சிவப்புப் படத்தில் வெள்ளைப் படலம் வேலூர்ப் பக்கம் விலகுகிறது என்று நிம்மதியாகத் துணி காயப்போட்டால் நனையும். ரேடார் படம் இந்தத் தவறைச் செய்யாது, மழைத்துளியையே பார்க்கிறது.

பலரும் திறக்காத 'விவிபி' படத்தைத்தான் நாங்கள் மிகவும் மதிக்கிறோம். குறுக்கே நேரம், நெடுக்கே உயரம், ஒவ்வொரு புள்ளியிலும் காற்றின் அம்பு. அம்பின் வாலில் முழுக்கோடு 10 நாட் (மணிக்குச் சுமார் 18 கி.மீ.), அரைக்கோடு 5 நாட். பகல் 11 மணி வரை அடியிலும் மேற்கு, மேலேயும் மேற்கு என்றிருந்து, பிறகு கீழ் அரை கி.மீ., ஒரு கி.மீ. மட்டும் தென்கிழக்குக்குத் திரும்பினால் கடற்காற்று உள்ளே வந்துவிட்டது. அது சீக்கிரம் வந்த நாளில் நகரத்தில் வெயில் தணியும், இடிமேகம் உள்ளே காஞ்சிபுரம், அரக்கோணம் பக்கம் எழும். 3 கி.மீ.க்கு மேல் மேற்குக் காற்று 15, 20 நாட் இருந்தால் அந்த மேகம் மாலையில் நகரத்துக்கு வந்து சேரும். மேலே காற்றே இல்லையென்றால் முளைத்த இடத்திலேயே கொட்டித் தீரும். நகரத்துக்கு இடிச்சத்தம் மட்டும்.

வடகிழக்குப் பருவத்தில் இந்தச் சேவையின் பலவீனம் வெளிப்படுகிறது. ரேடார் கதிர் தாழ்வாக அரை டிகிரியில் புறப்பட்டாலும் பூமியின் வளைவால் 100 கி.மீ. தூரத்தில் ஒன்றரை கி.மீ. உயரத்திலும், 200 கி.மீ. தூரத்தில் 4 கி.மீ. உயரத்திலும் போகிறது. அக்டோபர், நவம்பரில் வங்கக்கடலிலிருந்து வரும் அதிகாலை மேகங்கள் பல சமயம் 3, 4 கி.மீ.க்கு மேல் வளர்வதில்லை. தூரத்தில் கதிருக்கு அடியில் பதுங்கி வந்து, கிட்டே வந்ததும் திடீரென்று முளைத்ததுபோல் தெரியும். எண்ணும் குறைத்துக் காட்டும். சிறு துளிகள் ஏராளமாக இருக்கும் இந்த மழையில், மேலே சொன்ன கணக்கில் 12 மி.மீ. தரும் 40, வெப்பமண்டல மழைக்கான சூத்திரத்தில் 21 மி.மீ. தருகிறது. கிட்டத்தட்ட இரு மடங்கு. ஒரே தடத்தில் மேகம் பின் மேகமாக வந்தால் மிதமான வண்ணத்திலேயே வெள்ளம் வந்துவிடும். முன்னறிவிப்பில் பிடிபடாமல் 2021 டிசம்பர் 30 அன்று நகரின் சில இடங்களில் 20 செ.மீ.க்கு மேல் கொட்டியதும் கடலோரத்தில் நிலைத்து நின்ற மேகத்தால்தான். பருவமழைக் காலத்தில் எண்ணைவிட, படம் அடுத்தடுத்து அதே இடத்தைக் காட்டுகிறதா என்று பாருங்கள். காற்று அமைதியான இரவுகளில் கடல்மேல் நகராமல் நிற்கும் கூரான எதிரொலிகள் வேறு. கதிர் வளைந்து கடற்பரப்பையே தொட்டுத் திரும்பும் பொய் மழை அது.

இன்னொரு குறை நகரத்துக்குள் இருப்பவர்களைத்தான் அதிகம் பாதிக்கும். ரேடார் ஆன்டெனா தலைக்கு நேர் மேலே பார்ப்பதில்லை. சுமார் 20 டிகிரி நிமிர்ந்து பார்க்கிறது என்று கொண்டால், 10 கி.மீ. உயர மேகத்தின் தலை 27 கி.மீ. சுற்றுக்குள் வந்ததும் படத்திலிருந்து நழுவிவிடும். ஆவடியைத் தாண்டியதும் மேகம் குட்டையாகி, எண் குறைந்து, 'வலுவிழந்துவிட்டது' என்று தோன்றும். அந்த நேரத்தில்தான் அது அண்ணா நகரில் வெளுத்து வாங்கிக்கொண்டிருக்கும். மேகம் 30 கி.மீ.க்குள் நுழைந்ததும் ஸ்ரீஹரிகோட்டா ரேடாருக்கு மாறிவிடுங்கள். துறைமுகத்திலிருந்து வடக்கே 65 கி.மீ. அளவில் இருப்பதால், சென்னைக்கு மேலே உள்ள மேகத்தை அடி முதல் முடி வரை பக்கவாட்டில் பார்க்கும். சென்னைப் படம் பராமரிப்புக்காக நின்றுபோகும் நாளிலும் அதையும் காரைக்கால் படத்தையும் திறந்து வைத்துக்கொள்ளலாம்.