ரீஃப் தொட்டிக்கு, அதாவது பவளம் வளர்க்கும் கடல் நீர்த் தொட்டிக்கு, ரிட்டர்ன் பம்ப் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

அரை மாதச் சம்பளம் போய்விட்டது. கையில் இருப்பது துருவேறி உப்பிய ஒரு இம்பெல்லர் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்), அப்புறம் “உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது” என்று இன்று காலை வந்த ஒற்றை வரி. எனக்குப் பம்ப் விற்ற ஆள் அதே பம்பை, அதே படத்தோடு, அதே பொய்க் கணக்கோடு இந்த நிமிடம்கூட விற்றுக்கொண்டிருக்கிறார். அடுத்தவர் பணம் கட்டுவதற்குள் இது அவர் கண்ணில் பட வேண்டும் என்றுதான் சூட்டோடு சூடாக எழுதுகிறேன். பவளத் தொட்டிக்குப் பம்ப் எப்படிப் பார்த்து வாங்குவது என்றும் கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

வாங்கிய இடம், எத்தனையோ விற்பனையாளர்கள் சேர்ந்து கடை விரித்திருக்கும் பெரிய இணையச் சந்தைகளில் ஒன்று. பெயர் போட்டால் பதிவையே தூக்கிவிடுவார்கள், அதனால் போடவில்லை. விற்றவர் அதற்குள் மீன் தொட்டிச் சாமான்கள் மட்டும் விற்கிற கடைக்காரர். நட்சத்திரமும் நிறைய, பாராட்டும் நிறைய.

என் தொட்டி 500 லிட்டர். கீழே ஸ்டாண்டுக்குள் சம்ப் என்கிற துணைத் தொட்டி. ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி), ஹீட்டர் எல்லாம் அதில்தான். மேலே ஓவர்ஃப்ளோ வழியாக வழிந்து வரும் தண்ணீரைத் திரும்ப மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப்தான் எனக்குத் தேவைப்பட்டது. ரீஃப் வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் வேவ் மேக்கர் ஒன்று நின்றால் இன்னொன்று ஓடும், சமாளித்துவிடலாம். ரிட்டர்ன் நின்றால் தொட்டி வேறு, சம்ப் வேறு என்று ஆகிவிடும். ஹீட்டரின் சூடும் மேலே வராது, வடிகட்டலும் நடக்காது.

அந்த ஆளை எந்த இடத்தில் நம்பினேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நீங்களும் அதே இடத்தில்தான் நம்புவீர்கள்.

சாட்டில் கேள்வி கேட்டதும் அவர் விலையைச் சொல்லவில்லை. தொட்டி எத்தனை லிட்டர், சம்பின் நீர்மட்டத்திலிருந்து தொட்டியின் மேல்விளிம்பு வரை எவ்வளவு உயரம், குழாய் என்ன அளவு, எத்தனை எல்போ (குழாய் வளைவு), வால்வு இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். 1.6 மீட்டர் உயரம், மூன்று எல்போ, ஒரு பால் வால்வு என்றேன். “அப்ப குழாய் உராய்வையும் சேர்த்து 2 மீட்டர் ஹெட்னு வச்சுக்கலாம் சார்” என்றார். ஹெட் என்றால் பம்ப் தண்ணீரைத் தூக்க வேண்டிய மொத்த உயரம். சரியான பேச்சு. நான் அவர் சொன்ன மாடலுக்கு அடுத்த பெரிய மாடலைக் காட்டி, இதை எடுக்கட்டுமா என்று கேட்டேன். “அது வேண்டாம் சார், உங்க ஓவர்ஃப்ளோ தாங்காது, காசு வீண். ரிட்டர்ன்ல மணிக்குத் தொட்டி அளவுல ஆறேழு மடங்கு போனா தாராளம். பவளத்துக்கு வேண்டிய வேகத்தை வேவ் மேக்கர்ல எடுத்துக்குங்க.”

இதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அனுபவமுள்ள யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். விலை கூடிய பொருளை வேண்டாம் என்று தடுக்கிற வியாபாரியை எப்படிச் சந்தேகப்பட முடியும்? அப்புறம் ஒரு வரைபடமும் அனுப்பினார். அதிகபட்சம் மணிக்கு 6000 லிட்டர், 2 மீட்டர் உயரத்தில் 3600 லிட்டர் என்று கோடு போட்டுக் காட்டிய படம். “ஷாஃப்ட் (இம்பெல்லர் சுழலும் அச்சு) செராமிக்தானே?” என்று கேட்டேன். “முழுக்க செராமிக் சார், உப்புத் தண்ணிக்குன்னே செஞ்சது” என்று பதில் வந்தது. அன்றே பணம் கட்டினேன். அரை மாதச் சம்பளம், ஒரே தவணையில்.

பம்ப் வந்தது. பெட்டி அழகாக இருந்தது, கன்ட்ரோலரில் எண்கள் பளிச்சென்று தெரிந்தன. முழு வேகத்தில் வைத்தும் திரும்பு குழாயில் வரும் தண்ணீரைப் பார்த்ததுமே மனசுக்குச் சரியாகப் படவில்லை. தொட்டியின் மேல்மட்டத்தில் எண்ணெய்ப் படலம் அப்படியே நின்றது. ஓவர்ஃப்ளோவில் போதுமான தண்ணீர் வழிந்தால் அது நிற்காது. குழாய் முனையில் 20 லிட்டர் வாளியைப் பிடித்து நேரம் பார்த்தேன். மணிக்கு 3600 லிட்டர் என்றால் நொடிக்கு ஒரு லிட்டர்; 20 நொடியில் வாளி நிறைய வேண்டும். 47 நொடி ஆயிற்று. அதாவது மணிக்கு 1530 லிட்டர் சொச்சம். பாதிகூட இல்லை.

அதோடு விடவில்லை. பிளக்கில் வாட் மீட்டரைச் செருகிப் பார்த்தேன். பம்பின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் 55 வாட் என்று போட்டிருந்தது. முழு வேகத்தில் இழுத்ததோ 24 வாட். இங்கேதான் முழு ஏமாற்று வேலையும் வெளிச்சத்துக்கு வந்தது. நொடிக்கு ஒரு லிட்டர் தண்ணீரை 2 மீட்டர் தூக்குவதற்கே கிட்டத்தட்ட 20 வாட் வேண்டும். 1 கிலோ, 9.8, 2 மூன்றையும் பெருக்கிப் பாருங்கள், அவ்வளவுதான் கணக்கு. மீன் தொட்டிப் பம்புகள் இழுக்கும் மின்சாரத்தில் பாதியை வேலையாக மாற்றினாலே அதிகம். மிச்சம் சூடாகத் தண்ணீருக்குள்தான் போகிறது. அப்படியிருக்க 24 வாட் இழுக்கும் பம்பால் அந்த வரைபடத்தில் இருக்கும் வேலையைச் செய்யவே முடியாது.  அந்தப் படமே கட்டுக்கதை.

எல்லாவற்றையும் படம் பிடித்து அனுப்பினேன். “புதுப் பம்ப் சார், கொஞ்ச நாள் ஓடி ஓடிப் பழகணும்” என்றார். புதுப் பம்பில் சத்தம் சில நாளில் அடங்குவது உண்டு. தண்ணீர் வரத்து இரண்டு மடங்காகக் கூடுவது எங்கும் கிடையாது. அதைச் சொன்னதும், “உங்க லைன்ல எல்போ அதிகம் சார்” என்றார். எல்போ எத்தனை என்று கேட்டு, அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு இந்த மாடலைத் தலையில் கட்டியதே இவர்தான்! பழைய சாட் உரையாடலை எடுத்து அப்படியே அவருக்குக் காட்டினேன். அதற்குப் பதிலே இல்லை.

அப்புறம் வேறு யாரோ பேச ஆரம்பித்தார்கள். ஆர்டர் எண் கொடுங்கள். வீடியோ அனுப்புங்கள். வாளியும் கடிகாரமும் ஒரே ஃப்ரேமில் தெரிகிற மாதிரி அனுப்புங்கள். பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் நடுவில் நாள் கணக்கில் மௌனம். ஒவ்வொரு தடவையும் புது ஆள், திரும்ப முதலிலிருந்து ஆர்டர் எண். திருப்பி அனுப்புவதற்கான கெடு முடிந்த அன்று, “டெக்னிக்கல் டீம் பார்த்துட்டாங்க, பம்ப்ல குறை இல்லை” என்று முடித்துவிட்டார்கள். அந்தக் கெடு தீரத்தான் அத்தனை இழுத்தடிப்பும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அதற்குப் பிறகும், குறைந்த வரத்தோடாவது ஓடட்டும் என்று விட்டிருந்தேன். கொஞ்ச காலத்தில் ‘டக் டக்’ என்று தட்டும் சத்தம். அப்புறம் ஓர் இரவில் சத்தமில்லாமல் நின்றுபோனது. காலையில் பார்த்தால் சம்பில் ஹீட்டர் தன் பாட்டுக்கு அதைச் சூடாக்கிவிட்டு அணைந்திருக்கிறது. மேலே தொட்டி 21 டிகிரி. எப்போதும் 25, 26ல் இருக்கிற தொட்டி. டார்ச் பவளம் முழுக்க உள்ளிழுத்துக் கிடந்தது. பல காலம் பார்த்துப் பார்த்து வளர்த்த அக்ரோபோரா பவளம், அடுத்து வந்த நாட்களில் அடியிலிருந்து வெளுத்து, தோல் உரிவதுபோல் சதை கழன்று போயிற்று. அதன் விலையை நான் அந்த அரை மாதச் சம்பளத்தோடு சேர்க்கவில்லை. சேர்த்து என்ன, அதை யார் திருப்பித் தரப் போகிறார்கள்.

பம்பைக் கழற்றினேன். முன்மூடியைத் திருகி எடுத்து இம்பெல்லரை இழுத்தால் வரவில்லை. பலமாக இழுத்ததும் பழுப்புத் தண்ணீரோடு பிய்ந்து வந்தது. சுழல் காந்தத்தின் மேல் பூசியிருந்த பிளாஸ்டிக் உறை கீழ் விளிம்பில் விரிந்து, உள்ளே காந்தம் துருப்பிடித்து உப்பி, குழிக்குள் இறுகிப்போயிருந்தது. இந்தப் பம்புகளில் வரும் நியோடிமியம் காந்தத்தில் பெரும்பங்கு இரும்புதான். உறையில் ஒரு கீறல் விழுந்து உப்புத் தண்ணீர் உள்ளே போனால் முடிந்தது கதை. ஷாஃப்டைப் பார்த்ததும்தான் ரத்தம் கொதித்தது. வெளியே தெரிகிற நுனியில் மட்டும் வெள்ளையாக ஒரு சின்ன உறை. அதை நகத்தால் நெம்பினால் உள்ளே எஃகுக் கம்பி, துருக் கோடு ஓடிப்போய். “முழுக்க செராமிக் சார்.”

அந்தப் படங்களை அனுப்பியதற்கு வந்த பதிலை அப்படியே தருகிறேன்: “உப்புத் தண்ணியில ஓட்டினா வாரண்டி கிடையாது சார்.”

விற்பனைப் பக்கத்தின் தலைப்பிலேயே ரீஃப், கடல் நீர் என்று போட்டு விற்கிறார்கள். பவளத்தைப் பற்றி அத்தனை பேசிவிட்டு விற்றார்கள். இப்போது கடல் நீரில் ஓட்டியதுதான் குற்றமாம்! சந்தை நடத்துகிறவர்களிடம் போனேன். விற்பனையாளரைக் கேளுங்கள் என்றார்கள். விற்பனையாளரோ சந்தைக்காரர்களைக் கேளுங்கள் என்றார். இரண்டு பக்கமும் படங்கள், கணக்கு, சாட் எல்லாம் திரும்பத் திரும்ப அனுப்பினேன். ஒருவர்கூடத் திறந்து படித்த அடையாளம் இல்லை. நான் எழுதிய மதிப்புரையையும் ‘விதிமீறல்’ என்று நீக்கிவிட்டார்கள். கடைசியில் இன்று காலை அந்த ஒற்றை வரி. அரை மாதச் சம்பளத்துக்கு ஒற்றை வரி.

பம்ப் தேர்ந்தெடுப்பது பற்றி நிறைய எழுத நினைத்தேன். இப்போது அதற்கு நிதானம் இல்லை. அவசியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பெட்டியில் பெரிதாக இருக்கும் லிட்டர் கணக்கு தண்ணீரை மேலே தூக்காதபோது வருவது. அதை வைத்து வாங்காதீர்கள். உங்கள் உயரத்தில் எவ்வளவு வரும் என்று கேளுங்கள். அந்த லிட்டருக்கும் வாட் மீட்டர் காட்டும் வாட்டுக்கும் மேலே சொன்ன பெருக்கலைப் போட்டுப் பாருங்கள், பொய் அங்கேயே மாட்டிக்கொள்ளும். பம்ப் வந்த அன்றே வாளியும் வாட் மீட்டரும். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். தொட்டியில் இறக்குவதற்கு முன் இம்பெல்லரை வெளியே இழுத்து ஷாஃப்டை முழு நீளத்துக்கும் பாருங்கள், நுனியை மட்டும் அல்ல. தண்ணீர் படுகிற இடத்தில் செம்போ பித்தளையோ இருந்தால் அப்படியே திருப்பிவிடுங்கள், செம்பு பவளத்துக்கு விஷம். இம்பெல்லர் தனியாக விற்கிறார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் அந்தப் பம்பே வேண்டாம். பெட்டி பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். விற்பனைப் பக்கத்தையும் சாட் உரையாடலையும் அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள், என்னிடம் காட்டிய அந்த வரைபடம் இப்போது சாட்டில் இல்லை. அவர்கள் வீடியோ கேட்க ஆரம்பித்தால் காத்திருக்காதீர்கள், கெடுவுக்குள் சந்தையின் பக்கத்திலேயே திருப்பி அனுப்பும் கோரிக்கையைப் போட்டுவிடுங்கள். வீட்டில் ஒரு மாற்றுப் பம்ப், சின்னதாக இருந்தாலும் சரி, தயாராக இருக்கட்டும். ஹீட்டர் ஒன்றையாவது மேல் தொட்டியிலேயே வையுங்கள்.