கவிதைப் பட்டறை முடிந்து இரண்டு வருடம்: என்ன மிஞ்சியது?

யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றில் பன்னிரண்டு சனிக்கிழமை நடந்த கவிதைப் பட்டறைக்குப் போனேன். முடிந்த கையோடு எழுதியிருந்தால் புகழ்ந்து தள்ளியிருப்பேன். இப்போது இரண்டு வருடமாகிவிட்டது. எது நின்றது, எது போனது என்று தெளிவாகத் தெரிகிறது.

நின்றது யாப்பு, அதாவது மரபுக் கவிதையின் ஓசை இலக்கணம். புதுக்கவிதை எழுதத்தானே வந்தோம், வெண்பா எதற்கு என்று முதல் வாரம் எல்லோருக்கும் சலிப்பு. பட்டறை நடத்திய சேர் விடவில்லை. அளவெட்டியில் பிறந்த ஈழத்துக் கவிஞர் மகாகவி உருத்திரமூர்த்தி பேச்சோசையை யாப்புக்குள் எப்படிக் கொண்டுவந்தார் என்று வாசித்துக் காட்டிவிட்டு, ஆளுக்கொரு குறள் வெண்பா எழுதச் சொன்னார். அம்மம்மா ஒடியல் மாவை (காய்ந்த பனங்கிழங்கு மா) ஊறவைத்துக் கைப்புத் தண்ணீரைப் பிழிந்து ஊற்றுவதை நான் எடுத்துக்கொண்டேன்.

கூழுக்கு மாப்பிழியும் அம்மம்மா கைவிரலில்
ஊறிக் கிடக்கும் கசப்பு

தளை தட்டவில்லை, சீருக்குச் சீர் ஓசை பொருந்தியது. சேர் கேட்டார்: "பிள்ளை, வீட்டில கசப்பு எண்டோ சொல்லுவீங்கள்?" இல்லை, கைப்பு என்றுதான் சொல்லுவோம். ஆனால் 'கிடக்கும்' மாச்சீர், அதாவது நேரசையில் முடியும் ஈரசைச் சீர்; வெண்பாவில் அதன் பின் 'கசப்' போன்ற நிரையசை வரவேண்டும். 'கைப்பு' 'கைப்' என்ற நேரசையில் தொடங்குகிறது. அதனால்தான் சொல்லை மாற்றினேன் என்றேன். "வீட்டுச் சொல்லை விடாதேங்கோ, முன்னுக்கு நிக்கிறதை மாத்துங்கோ" என்றார். அரை மணித்தியாலம் மல்லுக்கட்டி 'கிடக்கின்ற' என்று போட்டேன். அது நேரசையில் முடியும் மூவசைச் சீர், காய்ச்சீர்; அதன் பின் நேரசைதான் வரவேண்டும். 'ஊறிக் கிடக்கின்ற கைப்பு.' வாய்விட்டு வாசித்தபோது, சொல்ல வந்தது அப்போதுதான் வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. எதுகை கிடைக்கவில்லை, அதை அவரும் பெரிதுபடுத்தவில்லை.

இந்த இரண்டு வருடத்தில் நான் எழுதியதில் வெண்பா மூன்றோ நாலோதான், மற்றதெல்லாம் புதுக்கவிதை. ஆனாலும் ஒரு வரியை எங்கே முறிப்பது என்று இப்போது காது சொல்கிறது. பொருந்தாத சொல் வந்தால் அதையே பிடித்துக்கொண்டு நிற்காமல் அதற்கு முன்னால் உள்ளதைப் பார்க்கிறேன். வேறு எங்கேயும் இதை நான் கற்றிருக்க மாட்டேன்.

குறையும் உண்டு. கடைசி மூன்று சனிக்கிழமையும் நிறைவு விழாக் கவியரங்க ஒத்திகைக்கே போய்விட்டது. மைக் பிடிப்பது, வணக்கம் சொல்வது, இப்படியே. அதைவிட வருத்தம், ஒருவர் கவிதையை மற்றவர் திருத்தும் நேரம் வீணானது. எதை வாசித்தாலும் "வடிவா இருக்கு" என்றார்கள். நானும் அதையேதான் சொன்னேன். சேரைத் தவிர ஒருவரும் ஒரு சொல்லைக்கூடக் கேள்வி கேட்கவில்லை. ஐந்தாறு பேராகப் பிரித்து விட்டிருந்தால் கூச்சம் போயிருக்கும்.

அப்புறம், புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒன்று. தடித்த கொப்பியாக வாங்கி வலப்பக்கம் மட்டும் எழுதுங்கள். நான் இரண்டு பக்கமும் எழுதியதால் பழைய திருத்தங்கள் பல இப்போது எனக்கே வாசிக்க முடியவில்லை. இடப்பக்கம் அசை பிரிக்கவும் வெட்டிய சொற்களை எழுதி வைக்கவும் வேண்டும். நான் வெட்டிய 'கசப்பு' ஆறு மாதம் கழித்து வேறொரு கவிதைக்கு உதவியது.